மியூசிக்கல் சேரா, லெமன் ஸ்பூனா, குலைகுலையா முந்திரிக்காயா?

பிறந்தநாளுக்கு வந்திருக்கும் பதினைந்து பிள்ளைகளை ஒரு மணி நேரம் சமாளிக்க வேண்டும் என்றதும் எல்லார் கையும் பிளாஸ்டிக் நாற்காலிக்குத்தான் போகிறது. வாடகை நாற்காலி எப்படியும் வாசலில் கிடக்கிறது, பாட்டுக்குப் போன் இருக்கிறது, வேறு சாமான் தேவையில்லை. ஆனால் ஒரு விளையாட்டை எடைபோட, அதில் ஜெயித்த பிள்ளையைப் பார்த்துப் பயனில்லை. முதலில் அவுட்டான பிள்ளை அடுத்த பத்து நிமிடம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

கணக்குப் போட்டால் தெரியும். 15 பேர், 14 நாற்காலி என்றால் கடைசி ஆள் மிஞ்ச 14 சுற்று ஆகும். பாட்டு, உட்காருவது, தகராறு, நாற்காலியை எடுப்பது எல்லாம் சேர்ந்து சுற்றுக்கு ஒரு நிமிடம். முதலில் வெளியேறிய பிள்ளைக்கு 13 நிமிடம் வேலையே இல்லை. பதினைந்து பேரின் நேரத்தையும் கூட்டினால் 210 நிமிடம் வரும். அதில் 91 நிமிடம் வெறும் வேடிக்கைதான். முதலில் அவுட்டாவதும் பெரும்பாலும் நாலு, ஐந்து வயசுப் பொடிசுகள். அதுகள் கேக் மேசையைச் சுற்றும், இல்லையென்றால் அம்மாவிடம் போய் அழும்.

தகராறு தனிக்கதை. ஒரே நாற்காலியில் இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன், ஆளுக்குப் பாதி. "ஏல, நாந்தாம்ல மொதல்ல உக்காந்தேன்." "சித்தப்பா, இவன் தள்ளிவிட்டான்!" யாருடைய முதுகு நாற்காலியின் முதுகில் பட்டிருக்கிறதோ அவருக்கே இடம் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பாட்டை நிறுத்துகிறவர் பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் சொந்தப் பிள்ளைக்குச் சாதகம் செய்தார் என்ற பேச்சு வரும். ப்ளூடூத் ஸ்பீக்கரில் நிறுத்தியபின் சற்றுத் தாமதித்தே பாட்டு நிற்கும். நடுவில் யாராவது போன் செய்தாலும் பாட்டு தானாக நின்று அடிதடி ஆகும். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தாளம் தட்டுவது இதைவிட நம்பகம். டைல்ஸ் தரை என்றால் நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் காலை விரித்து வழுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மியூசிக்கல் சேர்தான் வேண்டும் என்றால் முதல் ஐந்து சுற்றுக்கு இரண்டிரண்டு நாற்காலியாக எடுங்கள். 14 சுற்று ஒன்பதாகக் குறையும். விருந்தின் கடைசி ஆட்டமாக வையுங்கள். அவுட்டானவர் நேரே பந்திக்குப் போகலாம்.

லெமன் ஸ்பூனில் யாரும் அவுட் கிடையாது. ஆனால் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஓடவிட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், ஜெயிப்பதும் ஒரே பிள்ளைதான். தொடர் ஓட்டமாக மாற்றினால்தான் களைகட்டும். 15 பேரை நாலு அணியாகப் பிரித்து, 20 அடி தள்ளி ஒரு செருப்பை வைத்து, அதைச் சுற்றி வந்து ஸ்பூனை அடுத்தவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு சுற்று இரண்டு நிமிடம். ஆள் குறைந்த அணியில் ஒருவர் இரண்டு முறை ஓடட்டும்.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை என்பதற்காகப் பெரிய பழமாகப் பொறுக்கி வாங்காதீர்கள். ஸ்பூன் குழிக்குள் பாதியாவது இறங்குகிற சின்னப் பழம்தான் நிற்கும். ஆறு வயசுக்குக் கீழே என்றால் சின்ன உருளைக்கிழங்கு, உருண்டோடாது. வாயில் ஸ்பூனைக் கடித்துக்கொண்டு ஓடுவது பார்க்க அழகு, ஆனால் முகம் குப்புற விழுந்தால் காம்பு தொண்டையில் குத்தும். சிறுசுகள் கையில் பிடிக்கட்டும், மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைக்கட்டும். அப்போதுதான் கட்டைவிரலால் பழத்தை அமுக்குகிற திருட்டு வேலை உடனே கண்ணில் படும்.

மழைக்கு ஒதுங்கும் ஐப்பசி, கார்த்திகைப் பிறந்தநாளுக்குப் பார்சல் விளையாட்டை விட்டால் வேறு இல்லை. வட்டமாக உட்கார்ந்து பார்சலைக் கைமாற்றிக்கொண்டே இருக்க, பாட்டு நிற்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு தாளைப் பிரிக்கும் ஆட்டம் இது. பட்டாசலில், அதாவது கூடத்தில், பாயை விரித்தால் போதும். வேலை முழுக்க முந்தின நாள் ராத்திரியில் இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையோடு மூன்று கூட்டி அத்தனை தாள் சுற்ற வேண்டும். ஒரு சுற்று செய்தித்தாள், அடுத்தது கலர்த்தாள் என்று மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். ஒரே மாதிரித் தாள் என்றால் ஒரு பிள்ளை மூன்று சுற்றைச் சேர்த்துக் கிழித்துவிடும். செல்லோடேப் சுற்றுக்கு ஒரு துண்டுக்கு மேல் கூடாது. இரண்டு பக்கமும் ஒட்டினால் பிள்ளை பிய்த்துக்கொண்டிருக்கும், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தேன்மிட்டாயும் ஒரு சீட்டும் வையுங்கள். சீட்டில் 'பாடு', 'ஆடு' என்று எழுதினால் கூச்சப்படும் பிள்ளை சிலையாக உட்கார்ந்துவிடும். 'மூன்று பழம் சொல்', 'பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பூனை மாதிரி கத்து' என்றால் வாய் திறக்கும்.

இப்போது குலைகுலையா முந்திரிக்காய். வட்டமாக உட்காருகிறார்கள், ஒருவர் முடிச்சுப் போட்ட துண்டோடு வெளியே சுற்றி ஓடி யார் முதுகுக்குப் பின்னாலாவது போடுகிறார், அவர் எடுத்துத் துரத்துகிறார். அவுட் இல்லை, சாமான் இல்லை, மூன்று வயசிலிருந்து பத்து வயசு வரை சேர்ந்து ஆடலாம். செலவே இல்லாத இந்த ஆட்டம் நாற்காலியை அடித்துத் தூக்கிவிடும் என்பது எங்கள் கட்சி. குறை ஒன்று உண்டு: நாலு சிநேகிதர்கள் தங்களுக்குள்ளேயே துண்டைப் போட்டுக்கொள்வார்கள், புதிதாக வந்த பிள்ளைக்கு முறையே வராது. ஒரு தடவை ஓடியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், கை கட்டாதவர் பின்னால்தான் துண்டு விழ வேண்டும் என்று விதி வையுங்கள். ஒரே திசையில் ஓட்டம். முடிச்சு தளர்வாக இருக்கட்டும். அதற்குள் கல் வைக்கிற அண்ணன்மார் உண்டு, அவிழ்த்துப் பாருங்கள்.

இடம்தான் இதற்குச் சிக்கல். 12 பேர் வட்டத்துக்கும் ஓடுபாதைக்கும் சேர்த்து 18 அடிக்கு 18 அடி வேண்டும். திருநெல்வேலி டவுனின் பழைய வீட்டுத் தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) முடியாது, பல வீடுகள் சேர்ந்த வளவு முற்றத்தில் முடியும், தட்டட்டியில் (மொட்டை மாடியில்) தாராளம். ஆனால் சித்திரை, வைகாசியில் தட்டட்டித் தரை சாயங்காலம் ஐந்தரை மணி வரை பாதத்தைச் சுடும். நாலரைக்கே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள்; ஈரத்தோடு ஓடவிட்டால் வழுக்கும். கைப்பிடிச்சுவர் இடுப்பளவாவது இல்லாத தட்டட்டியில் ஓட்டமே வேண்டாம். ஆனி, ஆடிக் காற்றில் பேப்பர் கப் அடுக்கும் விளையாட்டையும் அங்கே நினைக்காதீர்கள், அடுக்க அடுக்கப் பறக்கும்.

பத்து வயசைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. மண் திடல் இருந்தால் அவர்களைக் கிளித்தட்டுக்கு அனுப்புங்கள்; கோட்டில் நிற்கும் எதிரணியின் கையில் படாமல் கட்டங்களைக் கடந்து போய்வரும் ஆட்டம். உத்தி பிரித்து அணிக்கு ஐந்து பேர், கோலப்பொடியில் கோடு. இரண்டு குறுக்குக் கோட்டுக்கு நடுவே ஏழெட்டு அடி இருக்க வேண்டும். குறைந்தால் இரு பக்கத்துக் கையும் எட்டும், நடுவில் நிற்பவருக்குத் தப்ப இடமே இருக்காது. கூடவே வரும் தம்பி, தங்கைகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அழுகை நிற்கும்.

உறியடி பலருக்கு ஆசைதான். வெறுங்காலோடு நிற்கும் கூட்டத்தில் மண்பானைச் சில்லு சிதறும், கண்ணைக் கட்டியவன் கம்பு எங்கே போகும் என்று தெரியாது. பிறந்தநாளும் அதுவுமாகப் பானை உடைப்பதற்கு ஆச்சிமார் சம்மதிப்பதும் சந்தேகம். காலில் பலூன் கட்டி மிதித்து உடைக்கும் ஆட்டமும் கைக்குழந்தைகள் தவழும் வீட்டில் வேண்டாம். உடைந்த ரப்பர் துண்டு வாய்க்குள் போனால் மூச்சை அடைக்கும்.

நுங்குக் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒரு யோகம் உண்டு. நுங்கு வெட்டுகிறவரிடம் காயைத் துண்டாக்காமல் மேலே மட்டும் சீவித் தரச் சொல்லுங்கள். குடைந்த இரண்டு காயை ஒரு முழக் குச்சியால் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் வண்டி. அணிக்கு ஒரு வண்டி வைத்து, எலுமிச்சைக்குப் பதிலாக இதையே தொடர் ஓட்டமாக விடலாம். அன்றைக்கு வெட்டிய காயாக இருக்க வேண்டும். இரண்டு நாள் போனால் சுருங்கி, குச்சி கழன்று சக்கரம் ஆடும்.

பரிசு விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் காட்டுங்கள். ஜெயித்தவருக்குப் பெரிய பொம்மை, மற்றவருக்குக் கைதட்டல் என்றால் எந்த விளையாட்டும் சண்டையில்தான் முடியும். எல்லாருக்கும் ஆளுக்கொரு கோவில்பட்டி கடலைமிட்டாய் போதும். யாருக்காவது கடலை சேராதா என்று அம்மாக்களிடம் கேட்டுவிட்டு, அவர்களுக்கு மட்டும் தேன்மிட்டாய்.