குப்பை வண்டி வராத ஊரில் ஆறுதான் வண்டி

விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் ஆற்றைப் பார்த்து மனம் நொந்துதான் திரும்புகிறோம். அதற்காக "நம் சனங்களுக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவது நியாயமில்லை. உலகில் சுமார் 200 கோடிப் பேருக்குக் குப்பை எடுக்கும் சேவையே கிடையாது. வண்டி வராத இடத்தில் எரிக்கலாம், புதைக்கலாம், இல்லையென்றால் ஆற்றோரம் கொட்டலாம். வேறு வழி என்ன இருக்கிறது?

பாலத்தடியில் சற்று நேரம் நின்று பாருங்கள். கரை மரங்களில் ஆளுயரத்துக்கு மேல் கிழிந்த பாலிதீன் பைகள் தொங்கும். போன வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை அவையே சொல்லிவிடும். மண் அரித்த சரிவில் சாம்பலும் கறுத்த மண்ணும் பாக்கெட் உறைகளும் அடுக்கடுக்காகத் தெரியும். வெயில் காலம் முழுக்கச் சேர்ந்தது முதல் பெருமழையில் மொத்தமாக இறங்கிவிடுகிறது. அதில் பை, மூடிய பாட்டில் போன்றவை மட்டுமே மிதக்கும். தண்ணீர் புகுந்த பெட் பாட்டில், ஊறிய டயப்பர், பிவிசி துண்டு எல்லாம் அடியில் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் தொட்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். எடுக்க ஆளில்லாத தொட்டி சில நாளில் வழியும். நாய் கிளறும், மழை இழுத்துப் போகும். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வண்டி கடைசியில் எங்கே போய்க் கொட்டப் போகிறது? அதற்குப் பதில் இல்லையென்றால், வீட்டுக்கு வீடு எடுத்த குப்பையும் கொஞ்ச தூரம் தள்ளி அதே ஆற்றில்தான் விழும்.

கணக்கைப் பாருங்கள். 100 வீடு, வீட்டுக்கு 5 பேர், தலைக்கு அரை கிலோ என்றால் நாளுக்கு 250 கிலோ. இதில் பாதிக்கு மேல் மட்கும் குப்பை. அதை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மீதியை வாரம் இருமுறை எடுத்தால் போதும். சுற்றிலும் கம்பிவலை அடித்த மூன்று சக்கர மிதிவண்டி ஒரு நடைக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கொள்ளும். எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து வண்டி வாங்குகிறார்கள். பிளாஸ்டிக்கில் எடைக்கு முன்னால் இடம்தான் நிரம்பும், அதனால் நாலைந்து நடை ஆகும். வண்டியை ஒருமுறை வாங்கிவிடலாம். ஓட்டுபவரின் சம்பளம் மாதாமாதம் வர வேண்டும், திட்டங்கள் பெரும்பாலும் படுத்துவிடுவது அங்கேதான். அனுப்புகிற பணத்தை அதற்கு ஒதுக்குங்கள். கையுறை, பூட்ஸ், தடுப்பூசி ஆகியவற்றையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மட்கும் குப்பைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் இரண்டு குழிகள் வேண்டும். ஒன்று நிரம்பி மட்கும்போது மற்றதில் போடலாம். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் 30 மீட்டராவது தள்ளி, மழைக்காலத்து நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே குழியின் அடிப்பகுதி நிற்கும்படி வெட்டுங்கள். ஈரக் குப்பை ஒரு பங்கு விழுந்தால் காய்ந்த சருகு இரண்டு பங்கு போட வேண்டும். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, காற்றுப் புகவில்லை என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறிவிட்டால் அடங்கும்.

பாட்டில், அட்டை, தகரத்தைப் பழைய பொருள் வாங்குபவர் எடுத்துக்கொள்வார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பாக்கெட் உறையை யாரும் வாங்க மாட்டார்கள், எரிக்கவும் கூடாது. அதை மழை படாமல் சாக்கில் கட்டிவைத்து, ஒரு லோடு சேர்ந்ததும் அனுமதி பெற்ற கிடங்குக்கு அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்பு கட்டுவதானால் நீரோட்டம் மெதுவான இடமாகப் பார்த்து, நேர் குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கட்டுங்கள். குப்பை தானாகக் கரைக்கு ஒதுங்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அள்ள வேண்டும். பெருவெள்ளத்தில் ஒரு முனையை அவிழ்த்துவிடாவிட்டால் கயிறு அறுந்து தடுப்பும் குப்பையாகப் போகும்.

நம் பெட்டியோடு போகும் பேட்டரி, மீந்த மாத்திரை, டயப்பர் இவற்றுக்கு ஊரில் போக்கிடமே இல்லை. முதல் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். குழந்தைக்கு அங்கே துணியே கட்டுங்கள்.