பிடிவாரண்டில் அப்பா பெயரைப் பாருங்கள்

மண்டபத்திலிருந்து தொண்டி வரை கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் முனியசாமி, அந்தோணி, செய்யது என்று ஆண்பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

என் தம்பி பெயர் முனியசாமி. எங்கள் தெருவில் மட்டும் அந்தப் பெயரில் நான்கு பேர். போன மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவன், வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். காலை ஆறு மணிக்கு மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"முனியசாமி யாரு?"

"நான்தான் சார்."

அவ்வளவுதான் விசாரணை. கடல் அட்டை வழக்கில் பிடிவாரண்ட் இருக்கிறது, வண்டியில் ஏறு என்றார்கள். கடல் அட்டை என்பது கடலடியில் ஊர்ந்து வாழும் ஓர் உயிரினம்; 2001-லிருந்து அதைப் பிடிக்கத் தடை என்பதால் இந்தப் பக்கம் அந்த வழக்குகள் சாதாரணம். வாய்தாவுக்குப் போகாதவர்கள் மேல் வாரண்ட் வருவதும் சாதாரணம். அதனால் தெருவிலும் யாரும் மறித்துக் கேட்கவில்லை. "நான் அட்டைக்குப் போனதே இல்ல சார், வேற ஆளா இருக்கும்" என்று தம்பி சொன்னதற்கு, "அதை கோர்ட்ல சொல்லிக்கோ" என்று பதில்.

நான் அவன் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. வாரண்டைக் காட்டுங்கள் என்றேன். "நீ என்ன வக்கீலாம்மா?" என்றார் ஒருவர். மதியம் அம்மாவைக் கூப்பிட்டுப் பாதி நிரப்பாத ஒரு படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அது கைது விவரங்களை எழுதும் கைதுக் குறிப்பாணை (அரெஸ்ட் மெமோ) என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அம்மா கையைப் பிடித்துத் தடுக்காமல் நின்றேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

இரவு முழுக்க ஸ்டேஷனில். மறுநாள் காலை கோர்ட்டில் இலவச சட்ட உதவி வக்கீல் வாரண்டை வாங்கிப் பார்த்தார். தகப்பனார் பெயர் கருப்பையா, வயது 52, ஊரும் வேறு. எங்கள் அப்பா மாரிமுத்து. தம்பிக்கு 29. நடுவர் ஆதாரைப் பார்த்துவிட்டு உடனே விடுவித்தார். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை எங்கள் வாசலிலேயே செலவழித்திருக்கலாமே?

ஆள் மாறுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-வது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 76) இதையே உதாரணமாகச் சொல்கிறது: ஒருவரைக் கைது செய்யக் கோர்ட் உத்தரவிட, அதிகாரி உரிய விசாரணைக்குப் பிறகு இன்னொருவரை அவர் என்று நம்பிக் கைது செய்தால் குற்றமில்லை. வக்கீல் 'உரிய விசாரணைக்குப் பிறகு' என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். உரிய கவனம் இல்லாமல் நம்பியதை நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. பெயரைக் கேட்டு வண்டியில் ஏற்றியது எந்த விசாரணையில் சேரும்?

அதனால் வாரண்ட் என்று யாராவது வந்தால், பெயருக்குத் தலையாட்டியதோடு நிற்காதீர்கள். தகப்பனார் பெயர், வயது, ஊர், வழக்கு எண் நான்கையும் கேளுங்கள். கேட்டால் வாரண்டைக் காட்டியே ஆகவேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 77-வது பிரிவு அது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரை நிறுத்தி, அவர்கள் முன்னால் ஆதாரைக் காட்டி, "நான் இன்னாருடைய மகன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். போலீஸ்காரர்கள் சரிபார்க்கவில்லை என்பதற்குப் பின்னால் அதுதான் சாட்சி. கையை முறுக்கிக்கொண்டு தகராறு மட்டும் வேண்டாம், அது தனி வழக்காகிவிடும். நிரப்பாத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள், சட்ட உதவிக்கான இலவச எண்.

அப்புறம் ஒன்று. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு அனுப்பியிருக்கிறோம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும், தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

அந்த இன்னொரு முனியசாமி இன்னும் கிடைக்கவில்லை. வாரண்ட் அப்படியே நிலுவையில் இருக்கிறது. தம்பி இப்போது கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலை, மீனவர் அடையாள அட்டையோடு சேர்த்து நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போகிறான்.