உருமறைப்புச் சீருடைக்கு எந்தப் பெயிண்ட்? கடலோர வெயிலில் அக்ரிலிக், எனாமல், ஆயில்

1/35 அளவில் ஒரு சிப்பாய் பொம்மை ஐந்து சென்டிமீட்டர் நிற்கும். 1/72 என்றால் இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது. அந்தச் சின்னச் சட்டையில் மூன்று, நான்கு நிறத் திட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். ஓரம் கலையக் கூடாது, மடிப்பும் பொத்தானும் பெயிண்டில் மூழ்கக் கூடாது. ஒரே நிறச் சீருடைக்கு எந்தப் பெயிண்டும் போதும். உருமறைப்புக்கு வந்தால்தான், மேலே பூசுவது கீழே காய்ந்ததைக் கரைக்குமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ராமநாதபுரக் கடலோரத்தில், தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வரை உட்கார்ந்து பூசுகிறவர்களுக்கு ஊரும் ஒரு கட்சிக்காரர். வெயிலில் பிரஷ் நுனியிலேயே பெயிண்ட் காயும். ஈரக்காற்றில் வார்னிஷ் வெளுக்கும். உவர்த் தண்ணீர் கலந்தால் கரும்பச்சையில் உப்புப் பூக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த அளவுகளை அப்படியே எடுத்தால் பாதி வேலை கெடும்.

எனாமல்

ஹம்ப்ரால் போன்ற சின்ன டின் எனாமலுக்கு வெயிலில் ஒரு லாபம் உண்டு. மெதுவாகக் காய்வதால் பிரஷ் கோடு தானே சமப்பட்டுவிடும். நுனியில் கட்டியும் பிடிக்காது. முகத்துக்கும் தோல் பெல்ட்டுக்கும் இன்றும் அதை விடாதவர்கள் இருக்கிறார்கள்.

உருமறைப்பில்தான் அது தோற்கிறது. எனாமலின்மேல் எனாமல் வைத்தால், புதிய பூச்சிலுள்ள தின்னர் பழையதை இளக்கும். மணல் நிறத்தின்மேல் பச்சைத் திட்டு வைத்து, ஓரத்தைத் திருத்த இரண்டாம் முறை பிரஷ் ஓட்டினால் மணல் நிறம் கிளம்பி பச்சையோடு குழையும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முழுநாள் விட வேண்டும். நான்கு நிறத்துக்கு நான்கு நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும். டின்னின் அடியில் தங்கும், பளபளப்பைக் குறைக்கும் மேட் பொடியை இரண்டு மூன்று நிமிடமாவது கிளறாவிட்டால் ஒரு திட்டு பளபளக்கும், அடுத்தது மங்கும்; அது உருமறைப்பே இல்லை, அழுக்குக் கறை.

டமியா அக்ரிலிக்

டமியா நிறுவனத்தின் இந்தப் பெயிண்ட் பெயருக்குத்தான் அக்ரிலிக். ஆல்கஹால் கலந்த தின்னரில் கரையும் வகை. காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் மிக நன்றாக இருக்கும், கையால் பூசினால் வம்பு. முதல் பூச்சு காய்ந்தபின் இரண்டாம் பூச்சு போட்டால் கீழே உள்ளது உருண்டு வரும். கடலோர வெப்பத்தில் பிரஷ் இழுக்கும்போதே ஒட்டத் தொடங்கும். ஆகவே இதை அடிநிறத்துக்கு மட்டும் ஏர்பிரஷ்ஷில் அடித்துவிட்டு, திட்டுகளை வேறு பெயிண்டில் வைப்பது புத்திசாலித்தனம். தண்ணீரில் கரைந்த பெயிண்ட் இதை இளக்காது.

ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் வடிப்பான் இல்லாமல் தொடக் கூடாது. இங்குள்ள காற்றில் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து, நடுவேலையில் பொம்மையின் முகத்தில் துளியாகத் துப்பும்.

துளிக்குப்பி அக்ரிலிக்

வல்லேஹோ மாடல் கலர் போன்ற நீர் அக்ரிலிக்கைத்தான் திட்டுகளுக்குப் பரிந்துரைக்கிறோம். காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் பதினைந்து இருபது நிமிடம் போதும். தப்பு வைத்தால் அடிநிறத்தாலேயே திருத்தலாம். நான்கு நிறச் சட்டையை ஒரே உட்காரலில் முடிக்க முடிவது இதில் மட்டும்தான்.

குறை, அதன் வேகம்தான். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தால் பெயிண்ட் கலக்கும் பேலட்டிலேயே தோல் கட்டும். ஒரு தட்டையான மூடிபோட்ட டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பேக்கிங் பேப்பர்: இந்த ஈரப் பேலட் இல்லாமல் சித்திரை வைகாசியில் வேலை நடக்காது. பெயிண்ட் பேப்பரில் பரவி ஓடினால் ஸ்பாஞ்சில் தண்ணீர் அதிகம்; பிழிந்துவிடுங்கள்.

கலக்குவதற்குக் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் ஒரு வருடத்துக்கு வரும். பேட்டரி ஆசிட்டை மாற்றி வாங்கிவராமல் லேபிளைப் பாருங்கள். பிரஷ் கழுவ மட்டும் எந்தத் தண்ணீரும் ஆகும்.

இன்னொரு குறை, பிடிப்பு. பெயிண்டைப் பிடிக்கவைக்கும் அடிப்பூச்சான பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கில் முழங்கையிலும் தோளிலும் உரிந்து வரும். முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் பொம்மையைக் கழுவிக் காயவைத்து, பிறகு பிரைமர். ஸ்ப்ரே பிரைமரை சோளகக் காற்றில் மொட்டைமாடியில் அடித்தால் துளி பறக்கும்போதே காய்ந்து, பொம்மைமேல் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக விழும். அட்டைப்பெட்டிக்குள் வைத்து, 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி அடியுங்கள். ஸ்ப்ரே டப்பாவைக் கூரியரில் வரவழைப்பதும் தாமதம். எரியும் சரக்கு என்று விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பிரஷ்ஷால் பூசும் பிரைமர் ஒரு குப்பி கையில் இருக்கட்டும்.

துணி ஓவியத்துக்கு விற்கும் அக்ரிலிக்கையும் கேட்கிறார்கள். அது தடிப்பு. மெல்லியதாக்கினால் நிறம் மறைக்காது, மறைக்கும் அளவுக்குப் பூசினால் பொத்தான் மறையும். பொம்மை நிற்கும் மண்தரைக்கு அது போதும்.

ஆயில்

திட்டு வைக்க ஆயில் வேண்டாம். நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஆனால் திட்டுகளின்மேல் நிழல் போட இதற்கு ஈடு இல்லை. நான்கு நிறத்துக்கும் தனித்தனியே நிழலும் வெளிச்சமும் அக்ரிலிக்கில் போடுவது பன்னிரண்டு நிறம் கலக்கும் வேலை. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஒரு புள்ளி எடுத்து மடிப்பில் வைத்து, ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானைத் தொட்டுப் பிழிந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கரைத்தால் எல்லா நிறமும் ஒரே துணியாகச் சேரும். கீழே இருக்கும் நீர் அக்ரிலிக் அசையாது.

டியூபிலிருந்து பிதுக்கியதை முதலில் ஒரு அட்டைத்துண்டில் அரைமணி நேரம் வையுங்கள். ஆளி விதை எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். மினுக்கு குறையும், சீக்கிரம் காயும். அம்பர் வகைகள் மற்ற ஆயில்களைவிட வேகமாகக் காய்பவை. வெள்ளை கலந்தால் ஒரு வாரமும் ஆகலாம். அதுவரை கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். இங்கே மணல் தூசி ஒரு ராத்திரி போதும். வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் வாங்கும் டர்பன்டைன் பிரஷ் கழுவ நல்லது. கலக்க வேண்டாம், எண்ணெய்ப்பசை விடும்.

ஒரு சட்டை: நான்கு நிற வுட்லேண்ட்

1981இல் அமெரிக்கப் படைக்கு வந்த எம்81 வுட்லேண்ட் உருமறைப்பு, அதற்கு முந்தைய அமெரிக்க உருமறைப்பான இ.ஆர்.டி.எல். வடிவத்தை அறுபது சதவீதம் பெரிதாக்கியது. திட்டு பெரிதென்பதால் பழகுவதற்கு நல்ல சட்டை.

இங்கே வரும் எண்கள் வல்லேஹோ மாடல் கலர் குப்பி எண்கள். அடியில் காக்கி 988: இரண்டு துளி பெயிண்டுக்கு ஒரு துளி தண்ணீர், இரண்டு பூச்சு. அதன்மேல் பச்சை 893, பிறகு பழுப்பு 983; இரண்டும் சமத்துக்குச் சமம் தண்ணீர். கடைசியில் கறுப்புக் கிளைகள். சுத்தக் கறுப்பு இந்த அளவில் ஓட்டைபோல் தெரியும். கறுஞ்சாம்பல் 862 வையுங்கள். பிரஷ் 0 போதும், நுனி கூர்மையாக இருந்தால் சரி. 5/0 போன்ற ஊசிப் பிரஷ் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது பிடிக்கும் பெயிண்ட் சட்டையைத் தொடும்முன் காய்ந்துவிடும். பிரஷ்ஷை நனைத்ததும் டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றிவிட்டு, திட்டின் ஓரத்தை முதலில் வரைந்து உள்ளே நிரப்புங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தப்பு, திட்டைத் தையலைத் தாண்டித் தொடரவிடுவது. துணி அச்சடித்தபின்தான் வெட்டித் தைக்கிறார்கள். ஆகவே பாக்கெட் மூடியில் இருக்கும் திட்டு கீழே சட்டையில் தொடராது, தையலில் சட்டென்று வெட்டுப்படும். இதைச் செய்தாலே பாதிப் பொம்மைகள் உயிர் பெறும்.

1/72இல் இவ்வளவும் வேண்டாம். அடிநிறம், இரண்டு நிறத் திட்டு, கறுப்பு ஏழெட்டுப் புள்ளி. நிழலுக்கு, நீர்த்த பெயிண்டை மடிப்புகளில் ஓடவிடும் ஒரு வாஷ்.

நேர்க்கோடும் சதுரமும்

ஜெர்மனியின் ஸ்ப்ளின்டர் 31 போன்ற கூர்முனைத் திட்டிலும் நீர் அக்ரிலிக்தான். அதன்மேல் மழைபோல் விழும் மெல்லிய கோடுகளுக்கு மட்டும் 0.05 அளவு நிறமி மைப் பேனா வைத்துப் பார்க்கலாம்; வார்னிஷ் பட்டால் மை கலைகிறதா என்று ஒரு தட்டையான பிளாஸ்டிக்கில் முன்பே சோதியுங்கள். நனைத்து ஒட்டும் அச்சுப் படமான டீக்கால் தாள் கூடாரத்துணிபோல் தட்டையான இடத்தில் உட்காரும், முழங்கை மடிப்பில் சுருங்கும்.

2022 ஜனவரி 15 அன்று தில்லி அணிவகுப்பில் இந்திய ராணுவம் அறிமுகப்படுத்திய டிஜிட்டல் சீருடை, தேசிய நவநாகரிகத் தொழில்நுட்ப நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைத்தது. உச்சிப்புளிப் பக்கம் படையினரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்திய உருவங்கள் செய்ய ஆசை வரும். ஆனால் துணியில் ஐந்து மில்லிமீட்டர் சதுரம் என்று வைத்தாலும் 1/35இல் அது 0.14 மி.மீ. ஒவ்வொன்றையும் வரைய முயலாதீர்கள். ஆலிவ், மண் நிறத் திட்டுகளை வைத்து ஓரத்தில் மட்டும் படிப்படியாக நாலைந்து கட்டம் காட்டினால், ஒரு கை தூரத்தில் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

கடைசிப் பூச்சு

ஆயில் நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷ். ஈரம் அதிகமான நேரத்தில் ஸ்ப்ரே செய்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, சட்டை முழுக்க பால்போல் வெளுக்கும். விடியற்காலையிலும் மழை மூட்டத்திலும் வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை பிரஷ்ஷால் பூசும் நீர் வார்னிஷ் வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் குப்பியையும் நன்றாகக் குலுக்குங்கள்.

முகத்துக்கு எனாமல் வைத்திருப்பவர்கள் மூடும்முன் டின் விளிம்பைத் துடைத்து, வாஸலின் சிறிது தடவி மூடுங்கள். இந்த உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் மூடி துருவேறி ஒட்டிக்கொள்ளும். நெம்பித் திறந்தால் துருத்தூள் நேரே பெயிண்டுக்குள் விழும்.