பழைய இரும்பில் ஒரு சைக்கிள் டிரெய்லர்: எந்தச் சக்கரம், எந்தக் கொக்கி?

என்னை டிரெய்லர் செய்ய வைத்தது ஒரு தண்ணீர் கேன். 20 லிட்டர் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தவன், தெருமுனையில் திரும்பும்போது கேனோடு சேர்ந்து விழுந்தேன். அடுத்த ஞாயிறே பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டேன். இதுவரை இரண்டு டிரெய்லர் செய்தாயிற்று. முதலாவது இரண்டு மாதத்தில் அதே கடைக்கு எடைக்குப் போனது. இரண்டாவது இன்னும் ஓடுகிறது. இரண்டுக்கும் சட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது சக்கரமும் கொக்கியும்.

சக்கரத்தில் முதலில் கண்ணில் படுவது பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சக்கரம். எங்கும் கிடைக்கும், குழியில் சுலபமாக ஏறி இறங்கும். ஆனால் சைக்கிள் திருப்பத்தில் சாயும், இரட்டைச் சக்கர டிரெய்லர் சாயாது. அங்கே பாரம் முழுவதும் ரிம்மைப் பக்கவாட்டில் தள்ளும். சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம் கோட்டம் விழும். மாதாமாதம் கோட்டம் எடுக்கப் பொறுமை இருந்தால் சரி.

குழந்தைகளின் தள்ளுவண்டிச் சக்கரம் இதற்கு நேர் எதிர். சின்னது, தாழ்வாக உட்காரும், பஞ்சரே ஆகாது. என் முதல் வண்டிக்கு இதைத்தான் போட்டேன். பேரிங் கிடையாது, வெறும் பிளாஸ்டிக் ஓட்டையில் கம்பி சுற்றுகிறது. ஒரே மாதத்தில் வட்ட ஓட்டை முட்டை வடிவம் ஆகி, சக்கரம் வாத்து மாதிரி ஆடிக்கொண்டு வந்தது.

என் ஓட்டு 20 அங்குலச் சிறுவர் சைக்கிள் சக்கரத்துக்கு. பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் அதிகம் தேயாத சக்கரமே எடைக்கு வருகிறது; டயர், டியூப் எந்தச் சைக்கிள் கடையிலும் உண்டு. ஒரு சிக்கல் இருக்கிறது. சைக்கிள் அச்சு இரண்டு பக்கமும் பிடிமானம் இருக்கும் என்று நம்பிச் செய்தது, கனம் சுமார் 10 மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் மட்டும் நட்டுப் போட்டு இரண்டு கேன் ஏற்றினால் வளைந்துவிடும். அதனால் சக்கரத்துக்கு வெளியிலும் ஒரு சட்டம் ஓட வேண்டும். வண்டி கொஞ்சம் அகலமாகும், சந்தில் நுழையும்போது பார்த்துப் போக வேண்டும்.

வீல்சேர் சக்கரத்துக்கு இந்த வெளிச் சட்டம் தேவையில்லை, அதன் அச்சே ஒரு பக்கப் பிடிமானத்துக்குச் செய்த தடி அச்சு. வேலை பாதியாகக் குறையும். ஆனால் நன்றாக இருக்கும் வீல்சேரைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. உடைந்தது கிடைத்தால் யோசிக்கலாம்.

கொக்கிக்கு வருவோம். வண்டி வலம் இடம் திரும்ப வேண்டும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும், சைக்கிள் சாய்ந்தாலும் டிரெய்லர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், நானும் மறந்தேன். சீட்டுக்குக் கீழே குழாயில் வளையம் போட்டு மாட்டினேன். மாட்டுவது சுலபம், இரு பக்கமும் தாராளமாகத் திரும்பும். ஆனால் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் பாரம் உயரத்திலிருந்து முதுகில் தள்ளுகிறது. மணல் கிடந்த ஓர் இடத்தில் பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடியே விட்டது.

இப்போது பின்சக்கர அச்சில் இடப்பக்கம் ஒரு பட்டை இரும்பு, அதில் ஒரு சாண் கம்ப்ரஸர் ஓஸ், அதன் முனையில் பஞ்சர் கடையில் காற்றுக் குழாய்க்குப் போடுகிற கப்ளர். ஓஸ் வளைந்து கொடுக்கும், கப்ளர் சுழன்று கொடுக்கும், வளையத்தை இழுத்தால் டிரெய்லர் கழன்றுவிடும். தள்ளல் தாழ்வாக வருவதால் சைக்கிள் அசையாது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் அந்த அச்சிலேயே ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி எல்லாம் தொங்குகின்றன. பட்டையைப் போட்ட பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது மிஞ்சவில்லை என்றால் நீள அச்சு மாற்றிவிடுங்கள். கப்ளரை மட்டும் நம்பாமல் பழைய பையின் நைலான் பெல்ட் ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள்.

மாட்டு வண்டியில் முன்பாரம் பின்பாரம் பார்ப்பார்களே, அதே கணக்கு இங்கேயும். 40 கிலோ ஏற்றிவிட்டு முன்கம்பியைத் தூக்கினால் 2 முதல் 4 கிலோ கையில் தெரிய வேண்டும். பின்பாரமானால் சைக்கிளின் பின்சக்கரத்தையே தூக்கப் பார்க்கும்.

சட்டத்துக்குப் பழைய இரும்புக் கட்டில் போதும். துத்தநாகப் பூச்சுள்ள ஜிஐ குழாய் சீக்கிரம் துரு பிடிக்காதுதான், ஆனால் வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி நடுங்க வைக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். மூங்கிலுக்கு வெல்டிங்கே வேண்டாம், பழைய டியூபைக் கீறி இறுக்கிக் கட்டினால் நிற்கும். ஓட்டை போட்டால் வெயிலில் பிளக்கும்.

ஒற்றைச் சக்கர டிரெய்லரும் உண்டு. அமெரிக்கத் தயாரிப்பான பாப் யாக் அந்த ரகம்: 16 அங்குலச் சக்கரம், 32 கிலோ வரை. வரப்பில் ஓட்டுபவர்களுக்கு அது அருமை. சைக்கிளோடு சேர்ந்து அதுவும் சாயும் என்பதால் தண்ணீர் கேனுக்கு நான் தொட மாட்டேன்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது, எல்லாம் சைக்கிளின் கம்பி பிரேக்தான். அதனால் இரண்டு கேனோடு ரயில்வே மேம்பாலம் வந்தால் இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டே போகிறேன். ஏற்றத்திலும் தள்ளத்தான் வேண்டியிருக்கிறது, அது வேறு விஷயம்.