விளையாட்டு முதலுதவிப் பெட்டி: எது உதவும், எது நேரத்தைக் கடத்தும்

சம்பா அறுவடை முடிந்து மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும்வரை, டெல்டாவில் பாதி ஊர்களுக்கு வயல்தான் விளையாட்டு மைதானம். சித்திரை வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். ஓடி வரும் பிள்ளையின் கால் அந்த வெடிப்பில் சிக்கிப் பிரளும். கபடியில் முழங்கை அடிவாங்கும், கார்க் பந்தில் பல்லும் கண்ணும் அடிவாங்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி மெடிக்கல் கடைகளில் ‘ஸ்போர்ட்ஸ் கிட்’ என்று ஜிப் வைத்த பை ஒன்றைக் கேட்டு வாங்குபவர்கள் இப்போது அதிகம். கம்பெனி எதுவானாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: வலி ஸ்ப்ரே, கிரேப் பேண்டேஜ், உடைத்தால் குளிரும் பை, காயத்துக்கு மருந்து, பஞ்சு, பிளாஸ்டர், கத்தரி. சிலவற்றில் பாராசிட்டமாலும் உண்டு.

இவற்றை எடைபோட இங்கே ஒரே அளவுகோல்தான். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா, வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று முடிவெடுக்க அந்தப் பொருள் உதவுகிறதா, இல்லை அந்த முடிவைத் தள்ளிப்போட வைக்கிறதா?

இந்தக் கணக்கில் கடைசி இடம் ஸ்ப்ரேவுக்குத்தான். டைக்ளோஃபினாக், மெந்தால், மீத்தைல் சாலிசிலேட் கலந்த ஸ்ப்ரேக்கள் தோலில் சில்லென்று ஒரு உணர்வைத் தரும், வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குளிர்விக்காது. அடித்ததும் பையன் “இப்ப பரவால்ல” என்று மறுபடி ஆடப் போய்விடுகிறான், கோளாறு அங்கேதான். கொஞ்ச நேரம் மரத்துப்போன கணுக்காலைத் தொட்டுப் பார்த்தும் பயனில்லை. சிராய்ப்பின் மேல் பட்டால் எரிச்சல் தனி. பெரியவர்களின் முதுகு வலிக்கு வேண்டுமானால் வாங்குங்கள். பிள்ளைகளின் பெட்டியில் அதற்கு வேலை இல்லை.

ஸ்ப்ரே அடிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் கிடையாது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் வகுத்தது. இன்றும் கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையா என்பதை மருத்துவர்கள் இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட, வலி எங்கே என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கும் பொருந்தும். கால் கோணலாகத் தெரிந்தால் சோதனையே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. கோணல் இல்லையென்றால் ஒரு விரலால் நான்கு இடங்களை அழுத்திப் பாருங்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகள் இரண்டு இடம்: ஒவ்வொன்றிலும் கீழ்நுனியையும், அதிலிருந்து மேலே 6 செ.மீ. வரை பின் விளிம்பையும் அழுத்த வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே முட்டிக்கொண்டிருக்கும் எலும்பு மூன்றாவது. உட்பக்கம் பாத வளைவுக்கு மேலே இருப்பது நான்காவது. எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்டவுடனும், சற்று உட்கார்ந்து எழுந்த பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் வேண்டும். நொண்டி நடந்தாலும் நான்கு அடிதான். எலும்பில் வலியில்லை, வெளிப்பக்க எலும்புக்கு முன்னால் இருக்கும் சதையில்தான் வலி, நடக்கவும் முடிகிறது என்றால் பெரும்பாலும் சுளுக்குதான், வீட்டில் வைத்துப் பார்க்கலாம்.

“சுளுக்குதானே” என்று பெரியவர்களுக்குச் சொல்வதைப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. வளரும் எலும்பின் முனைக்குப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன வளர்தட்டு இருக்கும். அதைச் சுற்றியுள்ள தசைநாரைவிட அந்தத் தட்டு பலவீனமானது. பெரியவருக்குத் தசைநார் கிழியும் அதே பிரளலில் பிள்ளைக்கு வளர்தட்டு பிளக்கலாம். இடம் விலகாத பிளவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். படத்தில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் எலும்பு முனையில் வலி நீடித்தால், பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்வது அதனால்தான். கேட்காமல் விட்டால் அந்த எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும்.

கிரேப் பேண்டேஜ் பெட்டியிலேயே உருப்படியான பொருள். ஆனால் பல பெட்டிகளில் பெரியவர் முழங்காலுக்கான 15 செ.மீ. அகலத்தில் வைத்துவிடுகிறார்கள். பத்து வயதுக் கணுக்காலில் அது சுருண்டு கயிறாகிவிடும். 8 அல்லது 10 செ.மீ. அகலம் கேட்டு வாங்குங்கள். விரல் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடும்படி, முழுதாக இழுக்காமல் கட்ட வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்தது இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, மரத்துப்போகிறது, நீலம் பாய்கிறது என்றால் அவிழ்த்துக் கட்டுங்கள். இரவில் கழற்றி வைத்துவிடலாம்.

உடைத்தால் குளிரும் பைக்குள் யூரியா அல்லது அம்மோனியம் நைட்ரேட்டும் தண்ணீரும் தனித்தனியாக இருக்கும். அடித்து உடைத்ததும் கலந்து குளிரும். ஒருமுறைதான் பயன்படும், கால் மணி நேரம் தாங்கினால் பெரிது, மே மாத வெயிலில் அதுவும் குறையும். ஓட்டையானால் உள்ளிருக்கும் ரசாயனம் காயத்தில் இறங்கும். பெட்டிக்கடையில் குளிர்ந்த ஆவின் பால் பாக்கெட் இதைவிட நன்றாக வேலை செய்யும். நாகப்பட்டினம் பக்கம் என்றால் மீனுக்கு வைத்த ஐஸை உடைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ளலாம். எதுவானாலும் துணி சுற்றி 15 முதல் 20 நிமிடம், பிறகு எடுத்துவிட வேண்டும். பனிக்கட்டியை வெறும் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோலாகிவிடும்.

பால் பாக்கெட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பந்து பட்டு நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் சில நொடி கழுவி, அது இருந்த குழியிலேயே வைத்துத் துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்ந்துவிட வேண்டும். தேய்த்துக் கழுவிக் காகிதத்தில் சுற்றி எடுத்துவரும் பல் பிழைப்பது அரிது. பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே முளைக்கும் பல்லைக் கெடுத்துவிடும்.

பாராசிட்டமால் வலியைக் குறைக்கும், எலும்பு முறிவை மறைத்துவிடாது, அதனால் தரலாம். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. ஆகும். தவறு நடப்பது பாட்டிலில்: 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. அதே 300 மி.கி.க்கு முதலாவதில் 12 மி.லி., இரண்டாவதில் 6 மி.லி. லேபிளைப் படிக்காமல் ஊற்றினால் பாதியோ இரட்டிப்போ போய்விடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எந்தப் பெட்டியிலும் இல்லாத, ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்கும் சேவை எலும்புக்கட்டு. முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணி, மூங்கில் பத்தை. விலகாத சாதாரண முறிவு எந்தக் கட்டிலும் அசையாமல் இருந்தால் கூடிவிடும், அதனால்தான் இதற்கு இவ்வளவு பேர். ஆனால் மரத்திலிருந்தோ கபடியிலோ கையை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கிய ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கட்டு ஆகவே ஆகாது. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தால் கைக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய் அதன் முன்னாலேயே ஓடுகிறது. வீங்கும் கையை இறுக்கிக் கட்டினால் சில மணி நேரத்தில் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். மருந்து கொடுத்தும் பிள்ளை ஓயாமல் அழுவது, மடங்கிய விரலை மெல்ல நிமிர்த்தினாலே துடிப்பது, விரல் வெளுத்துக் குளிர்வது ஆகியவை அதன் அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்காமல் கட்டைப் பிரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நீவிவிடுவது, சுளுக்கு எடுப்பது எல்லாம் எக்ஸ்ரே பார்க்காத கையில் கூடவே கூடாது. நாளிதழை மடித்துக் கைக்கு அடியில் கொடுத்து, துண்டால் தூளிபோல் கழுத்தில் மாட்டி, இருக்கும் கோணத்திலேயே கொண்டுபோங்கள். போகும் வழியில் சோடா, டீ, பிஸ்கட் தேற்றிக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் திட உணவுக்குப் பிறகு ஆறு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள்.

தலையில் அடிபட்டால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், பிள்ளையைப் பாருங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் நினைவு தப்பியது, வாந்தி, கடுமையான தலைவலி, பேச்சிலோ நடத்தையிலோ மாற்றம், ஐந்தடிக்கு மேலிருந்து விழுந்தது, காதிலிருந்து ரத்தமோ தண்ணீரோ வடிவது, கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருநீலம் படிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வின் விதி இது. எதுவுமே இல்லையென்றால் ஸ்கேன் தேவைப்படுவது மிக அரிது. நாலைந்து மணி நேரம் கண்காணித்தால் போதும். அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்காதீர்கள்.

வயிற்றில் முழங்கால் பட்டு, பிறகு முகம் வெளிறுவது, இடது தோள் வலிப்பது, சிறுநீர் சிவப்பது. பந்து பட்ட கண்ணில் பார்வை மங்குவது, கருவிழியின் கீழ்ப்பகுதியில் ரத்தம் தேங்குவது. விதைப்பையில் அடிபட்டு ஒரு மணி நேரம் கடந்தும் வலி ஓயாதது. இவை எல்லாமே உடனே போக வேண்டியவை. மார்பில் பந்து பட்டுச் சுருண்டு விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்க வேண்டும்.

எங்கே போவது என்பதிலும் நேரம் வீணாகிறது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எக்ஸ்ரே கிடையாது. சிராய்ப்பு, தையல், டெட்டனஸ் ஊசிக்கு அதுவே போதும். கோணிய கை, தலைக்காயம், வயிற்றடி என்றால் வழியில் நிற்காமல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பக்கத்தில் இருப்பதற்குப் போவது நல்லது. போவதா வேண்டாமா என்ற குழப்பத்துக்கு மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ல் கேட்கலாம். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் 48 மணி நேர இலவச சிகிச்சை சாலை விபத்துக்கு மட்டும்தான், விளையாட்டுக் காயத்துக்கு அது வராது.

பெட்டியைப் பார்த்து ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. காய்ச்சலோடு நொண்டும் பிள்ளையை ‘போன வாரம் விழுந்தான்’ என்று கட்டுப்போட்டு வைப்பார்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் அப்படித்தான் இருக்கும், அன்றைக்கே காட்ட வேண்டும். குண்டான பதின்வயதுப் பிள்ளை வாரக்கணக்கில் முழங்கால் வலி என்கிறான், முழங்காலில் வீக்கம் இல்லை என்றால் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், இடுப்பில் இருக்கும் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரியலாம்.

ஆக, பையாக வாங்க வேண்டாம். கிரேப் இரண்டு, முக்கோணத் துணி ஒன்று, கிருமி நீக்கிய காயத்துணி, பிளாஸ்டர், கத்தரி, சிறு டார்ச், பாராசிட்டமால் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி ஒரு டிபன் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறம் பிள்ளையின் எடை, மருந்தின் அளவு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்ட தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதி வையுங்கள். எடையை மட்டும் ஆறு மாதத்துக்கொருமுறை அழித்து எழுத வேண்டியிருக்கும்.