ஷேக்ஸ்பியர் ஆய்வுக்கான இணையக் கருவிகள்: நெடுநாள் புழக்கத்தில் தெரிந்தவை

ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையை மூல ஆவணங்களிலிருந்தே படிக்க இன்று லண்டனுக்கோ ஸ்ட்ராட்ஃபோர்டுக்கோ போக வேண்டியதில்லை. அவர் இறந்து 400 ஆண்டுகள் நிறைந்த 2016இல், வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் நூலகம் பிரிட்டிஷ் நூலகம், போட்லியன் நூலகம், இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகம், ஸ்ட்ராட்ஃபோர்டின் பிறப்பிட அறக்கட்டளை ஆகியவற்றோடு சேர்ந்து ‘ஷேக்ஸ்பியர் டாக்குமென்டட்’ என்ற தளத்தைத் திறந்தது. அதனோடு இன்னும் மூன்று வேண்டும்: பழைய அச்சு நூல்களைத் தேடும் ‘ஈபோ–டிசிபி’, நாடகப் பதிப்புகளின் தரவுத்தளமான ‘டீப்’, எழுத்து நடையைக் கணக்கிடும் ‘ஸ்டைலோ’. நான்குமே இலவசம். முதலாவதை மட்டும் ஒழுங்காகப் படித்தாலே பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். நான்காவதில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

ஷேக்ஸ்பியர் டாக்குமென்டட் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படமும் விளக்கக் குறிப்பும் உண்டு. பலவற்றுக்கு எழுத்துப் பெயர்ப்பும் (கையெழுத்தை அப்படியே அச்செழுத்தில் தருவது) இருக்கிறது. பெயர்ப்பைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போவது தவறான வரிசை. பெயர்ப்பில் எல்லா வரியும் ஒரே தரத்தில் நிற்கும். எது முதலில் எழுதியது, எது பிறகு செருகியது என்று படம்தான் காட்டும்.

1616 உயில் இதற்கு நல்ல உதாரணம். மூன்று தாள். மனைவிக்கு ‘இரண்டாவது நல்ல கட்டிலை’ விட்டுச் செல்லும் வரி மூன்றாம் தாளில் இரண்டு வரிகளுக்கு இடையே இடுக்கி எழுதப்பட்டது. இரண்டாம் தாளில் அதே மாதிரி ஒரு செருகல்: உடன் நடித்த ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டல் மூவருக்கும் மோதிரம் வாங்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். ஹெமிங்ஸும் காண்டலும்தான் 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பான முதல் ஃபோலியோவைத் தொகுத்தவர்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு ஷேக்ஸ்பியர் வேறு, நாடகங்களை எழுதியவர் வேறு என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரரையும் நாடக ஆசிரியரையும் ஒரே தாளில் கட்டிப்போடும் வரி இது. அதனால்தான் ‘பிற்காலத்தில் யாரோ சேர்த்தது’ என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் 1616 ஜூன் 22இல் உயில் மெய்ப்பிக்கப்பட்டபோது எடுத்த பதிவுப் படியிலும் அந்த வரி இருக்கிறது. உயிலும் பதிவும் இரண்டு தனித்தனி ஆவணங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும்.

படத்தைப் படிக்க ‘செக்ரட்டரி’ என்ற அக்காலக் கையெழுத்து பழக வேண்டும். தினம் அரை மணி நேரம் என்று சில வாரம் உட்கார்ந்தால் போதும். மெய்யெழுத்துப் புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பயிற்சியின் சுபாவம் உடனே பிடிபடும். ஆங்கில ‘இ’ எழுத்து திரும்பிப் படுத்திருக்கும், ‘சி’ எழுத்து நம் கண்ணுக்கு ‘ஆர்’ போலத் தெரியும், ‘எச்’ வரிக்குக் கீழே வால் விடும். சொல் தொடக்கத்தில் இரட்டை ‘எஃப்’ வந்தால் அது பெரிய எழுத்து ‘எஃப்’. எழுத்துப் பிழை அல்ல. ரோமன் எண்களில் கடைசி ‘ஐ’யை ‘ஜே’யாக நீட்டியிருப்பார்கள்.

அடுத்த கண்ணி தேதி. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஷேக்ஸ்பியரின் இரட்டைக் குழந்தைகள் ஹாம்னெட், ஜூடித்தின் ஞானஸ்நானம் பதிவேட்டில் 1584 பிப்ரவரி 2. நம் கணக்கில் 1585. லண்டனின் பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியில் அவர் ஒரு வீட்டை 140 பவுண்டுக்கு வாங்கிய பத்திரம் 1612 மார்ச் 10 என்றே சொல்லும். நம் கணக்கில் அது 1613. எந்தக் குறிப்பிலும் இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதி வைப்பதே பாதுகாப்பு. மன்னரின் ஆட்சியாண்டு தந்திருந்தால் எலிசபெத்துக்கு 1558 நவம்பர் 17, ஜேம்ஸுக்கு 1603 மார்ச் 24 என்று எண்ணத் தொடங்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானப் பதிவும் மூலப் பதிவு அல்ல. 1600ஐ ஒட்டிப் பழைய ஏடுகளிலிருந்து தோலில் பெயர்த்தெழுதியது. பக்கம் முழுவதும் ஒரே கை, ஒரே மை என்பதால் ‘போலி’ என்று கிளம்புபவர்கள் இந்தச் சேதியைத் தெரிந்துகொள்ளாதவர்கள்.

இந்தத் தொகுப்பிலேயே மனசுக்கு மிக நெருக்கமானது பெலட்–மவுண்ட்ஜாய் வழக்கு. லண்டனில் தலையணி செய்து விற்ற மவுண்ட்ஜாய் வீட்டில் ஷேக்ஸ்பியர் குடியிருந்தார். மருமகனுக்குச் சொன்ன சீதனத்தை மாமனார் தரவில்லை என்று 1612இல் வழக்கு. மே 11இல் ஷேக்ஸ்பியர் சாட்சி சொல்கிறார். எழுத்தர் அவரை ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த கனவான், வயது 48 அல்லது அதையொட்டி என்று எழுதுகிறார். 1564 ஞானஸ்நானத்தோடு கணக்கு சரியாகப் பொருந்துகிறது. கீழே அவசரமாக, பெயரைச் சுருக்கி ஒரு கையெழுத்து. மறுக்கப்படாத ஆறு கையெழுத்துகளில் காலத்தால் முந்தியது அது. மற்ற ஐந்தில் இரண்டு 1613 வீட்டுப் பத்திரங்களில், மூன்று உயிலில். அமெரிக்கத் தம்பதி சார்லஸ் வாலஸும் ஹல்டா வாலஸும் இதை 1909இல் கண்டெடுத்தார்கள். அதே வழக்கில் இன்னொரு சாட்சி ஜார்ஜ் வில்கின்ஸ், ‘பெரிக்ளிஸ்’ நாடகத்தின் முற்பகுதியை எழுதியவராக இன்று கருதப்படுபவர். கூட்டு ஆசிரியர்கள் இருவரும் ஒரே வழக்குக் கட்டில் கிடைக்கிறார்கள்!

ஈபோ–டிசிபி வேறு வகை. சுமார் 60,000 பழைய நூல்களை ஆட்கள் தட்டச்சு செய்து வைத்தது. நவீன எழுத்துக்கூட்டில் தேடினால் பாதி தப்பிவிடும், ஏனென்றால் ‘யூ’வும் ‘வி’யும், ‘ஐ’யும் ‘ஜே’யும் அச்சில் இருந்தபடியே இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் குறைந்தது மூன்று கூட்டில் தேட வேண்டும். படிக்க முடியாத எழுத்துக்குப் பதில் புள்ளி இருக்கும். அந்தச் சொல் தேடலில் வரவே வராது. ஷேக்ஸ்பியர் பெயரே அரசவைக் கேளிக்கைக் கணக்கில் ‘ஷாக்ஸ்பெர்ட்’. ஆகவே ‘கிடைக்கவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. இன்னொன்று: ஒரு பதிப்புக்குப் பெரும்பாலும் ஒரே பிரதிதான் அங்கே இருக்கும். அச்சு ஓடும்போதே நிறுத்தித் திருத்துவது அன்றைய வழக்கம் என்பதால், 1608 ‘லியர் அரசன்’ பதிப்பில் தப்பியிருக்கும் 12 பிரதிகளில் பல ஒன்றுக்கொன்று மாறுகின்றன. ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டுவதற்கு முன் இன்னொரு பிரதியின் படத்தையும் பார்த்தாக வேண்டும்.

டீப் தளம் சிறியது, வேகமானது, நம்பகமானது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று வடிகட்டிப் பார்க்கலாம். பெயர் இருப்பதே சான்றாகாது என்று அந்தப் பட்டியலே கற்றுத்தரும்: 1605 ‘லண்டன் ஊதாரி’யில் ஷேக்ஸ்பியர் பெயர் அச்சாகியிருக்கிறது, நாடகம் அவருடையதல்ல. 1608 என்று போட்ட இன்னொரு லியர் பதிப்பு உண்மையில் 1619இல் அச்சானது. தாளின் நீர்க்குறிகள் காட்டிக்கொடுத்தன.

இனி ஸ்டைலோ. ‘ஆர்’ என்ற கணினி நிரல்மொழியில் ஓடும் நிரல். ‘கார்ப்பஸ்’ என்ற கோப்புறைக்குள் வெறும் உரைக் கோப்புகளாக நாடகங்களைப் போட்டு, கோப்புப் பெயரில் ஆசிரியர் பெயர், அடிக்கோடு, தலைப்பு என்று வைத்தால் ஆசிரியருக்கு ஒரு நிறமாக வரைபடம் தரும். வேலை முழுக்க அதற்கு முன்னால் இருக்கிறது. பேசுபவர் பெயர்களையும் மேடைக் குறிப்புகளையும் நீக்க வேண்டும். விட்டால் அவையே அடிக்கடி வரும் சொற்களாகிக் கணக்கைக் கெடுக்கும். எழுத்துக்கூட்டை ஒருமுகப்படுத்தாவிட்டால் வரைபடம் ஆசிரியரைக் காட்டாது, அச்சகத்தைக் காட்டும். ஒரு துண்டுக்கு 5,000 சொல் இருந்தால் நிம்மதி. 2,000க்குக் கீழே போனால் முடிவு ஆடும். ‘சர் தாமஸ் மோர்’ நாடகத்தின் கையெழுத்துப் பிரதியில் ஷேக்ஸ்பியருடையதாகக் கருதப்படும் பகுதி வெறும் 147 வரி. அதை இந்தக் கணக்கில் ஏற்றி முடிவு சொல்வது சரியல்ல. அங்கே கையெழுத்தும் எழுத்துக்கூட்டும்தான் பேச வேண்டும்.

பெரிய ஆபத்து வேறு. பட்டியலில் உண்மையான ஆசிரியர் இல்லாவிட்டாலும், இருப்பவர்களில் யாரோ ஒருவரை ‘மிக நெருக்கம்’ என்று நிரல் காட்டியே தீரும். இப்படி வழுக்கியதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1612இல் ‘டபிள்யூ. எஸ்.’ என்று அச்சான ஓர் இரங்கற்பாவை ஆய்வாளர் டொனால்ட் ஃபாஸ்டர் ஷேக்ஸ்பியருடையது என்றார். தொகுப்பு நூல்களிலும் அது ஏறியது. அக்கால நாடக ஆசிரியர் ஜான் ஃபோர்டின் எழுத்தோடு ஒப்பிட்ட பிறகு 2002இல் அவரே விலக்கிக்கொண்டார்.

ஆசிரியர் யார் என்ற சர்ச்சைக்கு இந்தக் கருவிகள் போதுமா? போதும். ஷேக்ஸ்பியர் பெயரில் எழுதியவர் என்று சிலர் சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு 1604 ஜூன் 24இல் இறந்தார். ‘எட்டாம் ஹென்றி’ நடக்கும்போது 1613 ஜூன் 29இல் குளோப் அரங்கம் எரிந்தது; அதைப் பற்றிய கடிதத்தில் அக்காலத்தவரான ஹென்றி வாட்டன் புது நாடகம் என்றே எழுதுகிறார். அந்த நாடகத்தில் இன்னொரு நாடக ஆசிரியரான ஜான் ஃபிளெச்சரின் கை இருப்பதை ஆய்வாளர் ஸ்பெடிங் 1850லேயே காட்டினார்; ஃபிளெச்சர் ‘நீ’ என்று பொருள்படும் ‘யூ’ வரும் இடத்தில் ‘யீ’யையும், ‘அவர்களை’ என்று பொருள்படும் ‘தெம்’ வரும் இடத்தில் ‘எம்’மையும் தாராளமாகப் போடுபவர். ஒன்பது ஆண்டுக்கு முன் இறந்தவர் காட்சிக்குக் காட்சி மாற்றி மாற்றி இன்னொருவரோடு எழுத முடியாது.

பழைய நூல்களின் இலவச ஸ்கேன்களைப் பயன்படுத்துபவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர் ஜான் பெய்ன் காலியர் பெயரைக் கண்டால் நிறுத்திவிட வேண்டும். உண்மையான ஆவணங்களுக்கு நடுவே போலி வரிகளைச் செருகியவர் அவர். ஷேக்ஸ்பியர் கால நாடக அரங்க உரிமையாளர் ஹென்ஸ்லோவின் நாட்குறிப்பிலும் கைவைத்தார். அந்த நாட்குறிப்பு இருக்கும் லண்டன் டல்விச் கல்லூரியின் சுவடிகளுக்கு ஜார்ஜ் வார்னர் 1881இல் தயாரித்த அட்டவணையில் எவை போலி என்ற விவரம் உண்டு. அதற்கு முந்தைய எந்த நூல் மேற்கோள் தந்தாலும், ஆவணத்தின் இன்றைய காப்பக எண்ணைத் தேடி எடுத்து, படத்தைத் திறந்து அந்த வரி இருக்கிறதா, எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே குறிப்பில் ஏற்ற வேண்டும்.