ஹீட்டரோடு "சும்மா" மண்ணெண்ணெய் தந்தால் வாங்காதீர்கள்: எனக்குப் போனது 17,500 யென்

ஜப்பானில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப்போகும் நம் ஆட்கள் தயவுசெய்து படியுங்கள். இன்று காலையில்தான் கடைசிப் பதிலும் வந்தது. இன்னும் கை நடுங்குகிறது. 17,500 யென் போயே போய்விட்டது.

செண்டாய்க்கு வந்து நான்கு மாதம். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. விடியற்காலைக் குளிருக்கு ஏசி மட்டும் போதவில்லை. பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில், ஊருக்கே திரும்பும் ஒருவர் மண்ணெண்ணெய் ஃபேன் ஹீட்டர் போட்டிருந்தார். 12,000 யென், ஒரு வருட வாரண்டி பாக்கி. விசாரித்தால் தமிழில் பதில் வந்தது. அந்த இடத்திலேயே நம்பிவிட்டேன்.

அவர் வீட்டில் காபி கொடுத்து, ஹீட்டரை எரித்துக் காட்டினார். நன்றாகத்தான் எரிந்தது. கிளம்பும்போது பால்கனியிலிருந்து இரண்டு கேன்களை இழுத்து வந்தார். "முப்பத்தாறு லிட்டர் இருக்கு தம்பி, காசு வேண்டாம். கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு பெட்ரோல் பங்குக்கு அலையாதீங்க." தன் காரிலேயே கொண்டுவந்து என் வாசலில் இறக்கிவிட்டு, "ரேட்டிங் போட்டுடுங்க தம்பி, அப்பதான் எனக்குப் பணம் வரும், அடுத்த வாரம் ஃப்ளைட்" என்றார். அவர் கண் முன்னாலேயே ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

கேன்களை அப்போதே உற்றுப் பார்த்திருக்க வேண்டும். ஒன்று சிவப்பு, வெயிலில் வெளிறி, தொட்டால் மூடி ஓரம் பொடியாக உதிர்ந்தது. இன்னொன்று பால் வெள்ளை. அது தண்ணீர் பிடிக்கும் கேன் என்றே எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ராத்திரி வெள்ளைப் புகை. கண் எரிந்தது, குழந்தை இருமி இருமி அழுதது. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு ஹீட்டர் பற்றவே இல்லை.

கம்பெனி மெக்கானிக் வந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் இன்னொன்றில் அந்த எண்ணெயும் ஊற்றி, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தார். எண்ணெய் வெளிர் மஞ்சளாகத் தெரிந்தது, மோந்தால் புளித்த வாடை. போன குளிர்காலத்து எண்ணெய்! கோடை முழுக்கப் பால்கனி வெயிலில் கிடந்து கெட்டிருக்கிறது. எண்ணெயை ஆவியாக்கும் பாகம் முழுக்கத் தார் மாதிரி படிந்துவிட்டதாம். கெட்ட எண்ணெயால் வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாது. வந்து பார்த்த கூலி 5,500. பழுது பார்க்கப் புது ஹீட்டர் விலை கேட்டார்கள், விட்டுவிட்டேன். ஆக 12,000, 5,500, மொத்தம் 17,500 யென்.

விற்றவரிடம் கேட்டேன். "எங்க வீட்ல நல்லா எரிஞ்சுதே." மறுநாள், "மண்ணெண்ணெய் கெட்டுப்போக அதென்ன பாலா?" அப்புறம், "சும்மா குடுத்ததுக்குக் கணக்கு கேக்கறீங்களே." அதன்பின் பார்த்த அடையாளம் மட்டும், பதில் இல்லை. செயலிக்காரர்களோ, ரேட்டிங் போட்டதோடு வியாபாரம் முடிந்தது என்றார்கள். மறுபடி எழுதினால், விளம்பரத்தில் இல்லாத பொருளுக்குப் பொறுப்பில்லையாம். இன்று காலை வந்த மூன்றாவது பதில் அதே கடிதத்தின் நகல். சும்மா கொடுக்கவில்லை அவர். ஊருக்குப் போகுமுன் தான் கழிக்க வேண்டிய கழிவை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

பாதுகாப்பாக வைப்பதைப் பற்றி விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். மண்ணெண்ணெய்க்கென்றே விற்கும் நிறக் கேன்தான் வாங்க வேண்டும் (கிழக்கு ஜப்பானில் சிவப்பு, மேற்கே நீலம்). வெள்ளைத் தண்ணீர் கேன் புற ஊதா ஒளியை உள்ளே விட்டுவிடும். கேனில் தயாரித்த தேதி இருக்கும், ஐந்து வருடமானால் மாற்றுங்கள். வெயில் படாத இடத்தில், மூடியை இறுக்கி வையுங்கள். ஒரு சீசனுக்கு வாங்கியதை அந்த சீசனிலேயே தீர்த்துவிடுங்கள். அந்தக் கேனில் பெட்ரோல் ஊற்றவே கூடாது, சட்டப்படியும் தப்பு. யார் கொடுத்த எண்ணெயானாலும் முதலில் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். பொருளை இரண்டு நாள் ஓட்டிப் பார்க்காமல் ரேட்டிங் போடாதீர்கள்.

மீதி எண்ணெய் இன்னும் என் பால்கனியில்தான் இருக்கிறது. பழைய மண்ணெண்ணெயைப் பங்கில் எடுத்துக்கொள்வார்களாம், நாளை கேட்கப்போகிறேன். சிங்க்கில் ஊற்றிவிடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.